டர்பன் வட்டாரத்தில் ஊராரே நடத்தும் சுற்றுலா தொடங்க

தென்னாப்பிரிக்க அரசின் 2002ஆம் ஆண்டுப் பொறுப்பான சுற்றுலா வழிகாட்டுதல்கள், ஊராரைத் திட்டமிடும்போதே சேர்க்கச் சொல்கின்றன. கோயில் கமிட்டி, அக்கம்பக்கத்து ஜூலு இனக் குடும்பங்கள், கடைக்காரர்கள் எல்லோரையும் கூட்டுங்கள். எங்கே படம் எடுக்கக் கூடாது என்பதை எழுதி வையுங்கள். டர்பனுக்கு அருகிலுள்ள மவுண்ட் எட்ஜ்கோம்ப் மாரியம்மன் கோயிலின் புனித வெள்ளித் திருவிழா பக்தர்களுக்கானது. அன்று பயணிகள் வேண்டாம். மற்ற நாளில், குழுவுக்கு 8 பேர் போதும்.

சுற்றுலா வழிகாட்டி, வழிகாட்டிகளுக்கான மாகாணப் பதிவாளரிடம் பதிந்திருக்க வேண்டும். இது 2014ஆம் ஆண்டுச் சுற்றுலாச் சட்டத்தின் விதி.

பெரும்பாலும் கெட்டுப்போவது பணத்தில்தான். வசூல் ஒருவர் கையில் இருந்தால் சந்தேகம் வளரும். வங்கிக் கணக்கை இரு கையெழுத்தில் திறங்கள். சமைத்தவருக்கும் வழிகாட்டிக்கும் அன்றைக்கே கூலி கொடுத்து, மிச்சத்தைப் பொதுநிதியில் சேருங்கள். மாதக் கணக்கைக் கோயில் பலகையில் ஒட்டுங்கள்.