எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்குப் பூஞ்சை, ஒட்டுண்ணித் தொற்று: தவிர்க்க வேண்டிய தவறுகள்

புற்றுநோய்க்குக் கீமோதெரபி எடுப்பவர்கள், சிறுநீரகமோ கல்லீரலோ மாற்றிக்கொண்டவர்கள், எச்.ஐ.வி. உள்ளவர்கள், மூட்டுவாதத்துக்கோ தோல் நோய்க்கோ மாதக்கணக்கில் ஸ்டீராய்டு சாப்பிடுபவர்கள், சர்க்கரை கட்டுப்படாதவர்கள். இவர்களுக்கு உடம்பு சரியில்லை என்றால் பாக்டீரியா, வைரஸ் என்றுதான் முதலில் தேடுகிறோம். பூஞ்சையும் ஒட்டுண்ணியும் கடைசியில்தான் நினைவுக்கு வருகின்றன. அதற்குள் பல நாட்கள் போய்விடுகின்றன.

"காய்ச்சல் இல்லையே, பயப்பட ஒன்றுமில்லை" என்பதுதான் நான் அதிகம் கேட்கும் தவறான ஆறுதல். காய்ச்சலும் வீக்கமும் சீழும் உடல் எதிர்த்து நிற்பதால் வருபவை. எதிர்ப்பே குறைந்துவிட்டால் அவையும் குறைந்துவிடும். கிரிப்டோகாக்கஸ் என்ற பூஞ்சையால் வரும் மூளைக்காய்ச்சல் பல நேரம் வெறும் தலைவலியாகத்தான் தொடங்குகிறது. வாரக்கணக்கில் இழுக்கும்; கழுத்து விறைப்பு இல்லாமலேகூட இருக்கும். எச்.ஐ.வி. உள்ளவருக்கு சிடி4 எண்ணிக்கை (எச்.ஐ.வி. தாக்கி அழிக்கும் எதிர்ப்பு அணுக்களின் அளவு) 100-க்குக் கீழே இருந்தால், அறிகுறி தெரியும் முன்பே ரத்தப் பரிசோதனையில் இதைக் கண்டுபிடிக்க முடியும். தலைவலி மாத்திரையோடு காலம் தள்ளுவது ஆபத்து.

இதற்கு நேர்மாறாக, கீமோ எடுப்பவருக்கு 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டாலே அவசரம்தான். பாராசிட்டமால் போட்டுவிட்டுக் காலையில் பார்க்கலாம் என்று விடக் கூடாது.

எனக்கு மிகவும் கவலை தரும் தவறு, ஸ்டீராய்டு தொடங்கும் முன்பே நடந்துவிடுகிறது. ஸ்ட்ராங்கிலாய்டிஸ் என்றொரு குடற்புழு உண்டு. வெறுங்காலோடு ஈரமண்ணில் நடக்கும்போது அதன் இளம்புழு தோலைத் துளைத்து உள்ளே போகும். பெரும்பாலான குடற்புழுக்கள் சில வருடங்களில் தாமாகவே செத்துவிடும். இது அப்படியல்ல, குடலுக்குள்ளேயே இளம்புழுக்கள் உருவாகி, குடல் சுவரைத் துளைத்து அதே ஆளை மறுபடி மறுபடி தொற்றும். அதனால் முப்பது நாற்பது வருடம்கூட ஒருவரிடம் சத்தமில்லாமல் தங்கியிருக்கும். எப்போதாவது வயிற்று உபாதை, அரிப்பு, ரத்தத்தில் ஈசினோபில் என்ற வெள்ளையணு சற்றுக் கூடுதல், அவ்வளவுதான்.

இவருக்கு ஆஸ்துமாவுக்கோ வேறெதற்கோ ஸ்டீராய்டு கொடுத்தால் புழுக்கள் கட்டுமீறிப் பெருகலாம். இளம்புழுக்கள் நுரையீரல், மூளை என்று பரவும். கூடவே குடலில் இருக்கும் பாக்டீரியாக்களையும் ரத்தத்துக்குள் கொண்டுபோகும். மூச்சுத்திணறல் வந்ததும், ஆஸ்துமா முற்றிவிட்டது என்று நினைத்து ஸ்டீராய்டைக் கூட்டினால் நிலைமை இன்னும் மோசமாகும். அந்தக் கட்டத்தில் உயிர் பிழைப்பதே கஷ்டம். முன்கூட்டியே தெரிந்தால் ஐவர்மெக்டின் மாத்திரையில் தீர்த்திருக்கக்கூடிய விஷயம் இது.

ஒரே ஒரு மலப் பரிசோதனையில் "புழு இல்லை" என்று வந்ததை நம்பிவிடாதீர்கள். இளம்புழுக்கள் விட்டுவிட்டுத்தான் வெளியேறும், எளிதில் தப்பிவிடும். ரத்தத்தில் ஆன்டிபாடி பார்ப்பது மேல். ஸ்டீராய்டு சாப்பிடுபவருக்கு ஈசினோபில் இயல்பாக இருப்பதும் அர்த்தமில்லாதது. எப்போதோ போட்ட ஒரு அல்பெண்டசோல் மாத்திரையும் இந்தப் புழுவுக்குப் போதாது. ஆகவே சிறுவயதில் எங்கே வளர்ந்தீர்கள், வெறுங்காலோடு மண்ணில் வேலை செய்ததுண்டா என்பதை, மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்.

சர்க்கரை ஏறிக் கிடப்பவருக்கு ஒரு பக்க முகவலி, கன்னம் மரத்துப்போதல், மூக்கிலிருந்து கறுப்பாகக் கசிவு, கண்வீக்கம் வந்தால் சைனஸ் என்று ஆவி பிடித்துக்கொண்டிருக்கக் கூடாது. கருப்புப் பூஞ்சையான மியூகர் ரத்தக்குழாய்க்குள் புகுந்து திசுவைச் சாகடிப்பது. மணிக்கணக்கும் இங்கே முக்கியம். ஆஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சைக்குக் கேட்கும் வோரிகோனசோல் இதற்குக் கேட்காது. ஆம்போடெரிசின் மருந்தும், செத்த திசுவை அகற்றும் அறுவை சிகிச்சையும் சேர்ந்தே வேண்டும். எந்தப் பூஞ்சை என்று திசுவை எடுத்துப் பார்க்காமல் மருந்தை ஊகிப்பது பெரிய தவறாக முடியும்.

குளோரின் போட்ட தண்ணீர் சுத்தம் என்ற நம்பிக்கையும் முழுசாகச் சரியில்லை. கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணியை வழக்கமான குளோரின் அளவு கொல்வதில்லை, கை சானிடைசரும் கொல்வதில்லை. சிடி4 மிகக் குறைந்தவருக்கு இது நிற்காத வயிற்றுப்போக்காக மாறும். தண்ணீரை ஒரு நிமிடம் தளதளவெனக் கொதிக்கவிடுங்கள், கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பூனை வளர்ப்பவர்கள் டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணிக்குப் பயந்து அதைத் துரத்த வேண்டாம். பூனையின் கழிவில் வரும் கிருமி தொற்றும் நிலைக்கு வரக் குறைந்தது ஒரு நாளாவது ஆகும். வேறொருவர் தினமும் சுத்தம் செய்தால் போதும். சரியாக வேகாத இறைச்சியையும் மறக்காமல் தவிருங்கள்.

கடைசியாக மாத்திரை விஷயம். உடம்பு தேறியதும் கோட்ரைமாக்சசோலை நிறுத்திவிடுபவர்கள் நிறைய. நியூமோசிஸ்டிஸ் என்ற பூஞ்சையால் வரும் நிமோனியாவைத் தடுக்கவே அது. அந்த நோயில் வறட்டு இருமலும் படி ஏறினால் மூச்சு வாங்குவதும் இருக்கும். தொடக்கத்தில் எக்ஸ்ரேகூடச் சரியாகத் தெரியலாம். எச்.ஐ.வி. உள்ளவருக்கு, எச்.ஐ.வி. மருந்து சாப்பிட்டு சிடி4 எண்ணிக்கை 200-ஐத் தாண்டி மூன்று மாதமாவது நிலைத்த பிறகே அதை நிறுத்துவது பற்றிப் பேசலாம். உறுப்பு மாற்றிக்கொண்டவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஃப்ளூகோனசோல், வோரிகோனசோல் போன்ற பூஞ்சை மாத்திரைகள், மாற்றிய உறுப்பை உடல் நிராகரிக்காமல் இருக்கக் கொடுக்கும் டாக்ரோலிமஸ் மருந்தின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும், அது சிறுநீரகத்தைப் பாதிக்கும். பூஞ்சை மாத்திரையைத் திடீரென விட்டால் அளவு இறங்கி, மாற்றிய உறுப்பை உடல் நிராகரிக்கலாம். தொடங்கும்போதும் நிறுத்தும்போதும் டாக்ரோலிமஸ் அளவை ரத்தத்தில் பார்க்கச் சொல்லுங்கள்.