கினிப் பன்றி எடை: கோளாறு தராசில் இல்லை

பினாங்கு ஜெலுத்தோங்கில் எங்கள் அடுக்குமாடி வீட்டில் இரண்டு கினிப் பன்றிகள். உடம்புக்கு முடியாவிட்டாலும் லேசில் காட்டிக்கொள்ளாத பிராணி. பெரும்பாலும் எடை குறைவதுதான் முதல் தடயம். அதனால் வாரம் ஒருமுறை ஒரு பிளாஸ்டிக் பேசினில் உட்காரவைத்து, சமையலறைத் தராசில் நிறுப்போம். திடீரென்று எண் தாவ ஆரம்பித்தது. அதே குட்டி, அடுத்த நிமிடமே 15, 20 கிராம் வித்தியாசம்.

பேட்டரி மாற்றினேன். தராசை ரப்பர் விரிப்பிலிருந்து வெறும் தரைக்கு இறக்கினேன். ம்ஹூம். 1 கிலோ சீனிப் பாக்கெட்டை வைத்தால் மட்டும் ஒவ்வொரு முறையும் ஒரே எண். சரி, தராசில் குற்றமில்லை. அப்புறம் காலி பேசினை வைத்துப் பார்த்தேன்: உள்ளே ஒன்றுமே இல்லை, எண் மட்டும் ஏறி இறங்குகிறது. மேலே காற்றாடி முழு வேகத்தில்! பினாங்குப் புழுக்கத்தில் அதை யார் நிறுத்துகிறார்கள்? வாயகன்ற பேசினைக் காற்று கீழே அழுத்துகிறது. சின்ன சீனிப் பாக்கெட்டில் அந்த அழுத்தம் தெரியவில்லை.

காற்றாடியை நிறுத்தியதும் எண் நின்றது. அப்பாடா.

குட்டி அசையாமலிருக்க ஒரு துண்டு குடைமிளகாய் போடுகிறேன், ஆனால் பூஜ்யப் பொத்தானை அழுத்துவதற்கு முன்பே. அது பேசினில் கிடந்தாலும் வயிற்றுக்குள் போனாலும் எண் மாறாது. பெரியவள் இப்போது 940 கிராம். எடுத்துவிட்டுத் திரும்ப வைத்தாலும் 940தான்.