ஆனர் சொசைட்டி அழைப்பு வந்தால், பணம் கட்டுமுன்

அமெரிக்கக் கல்லூரியில் ஜிபிஏ (மதிப்பெண் சராசரி) கொஞ்சம் ஏறியதுமே, நன்றாகப் படிப்பவர்களை உறுப்பினராக்கும் ‘ஆனர் சொசைட்டி’ என்ற சங்கங்களின் அழைப்புகள் மின்னஞ்சலில் வரத் தொடங்கும். எல்லாமே கௌரவம் என்று நம்பிக் கார்டை எடுத்துவிட வேண்டாம்.

முதலில் உங்கள் பல்கலைக்கழக இணையதளத்தில் அந்தச் சங்கத்துக்கு சாப்டர் (கிளை) இருக்கிறதா, பொறுப்பாசிரியர் யார் என்று தேடுங்கள். பெயர் கிடைத்தால் அவருக்கே இரண்டு வரி எழுதிக் கேட்கலாம். சாப்டரும் இல்லை, ஆசிரியரும் இல்லை என்றால் அந்த அழைப்பை அப்படியே விட்டுவிடுங்கள்.

அடுத்தது தகுதி வரம்பு. தரமான சங்கம் வகுப்பில் உங்கள் இடத்தைப் பார்க்கும். 1897இல் மெய்ன் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய பை கப்பா பை, மூன்றாம் ஆண்டில் முதல் 7.5 சதவீதத்தினரையும், இறுதியாண்டிலும் முதுநிலையிலும் முதல் 10 சதவீதத்தினரையும்தான் அழைக்கும். பொறியியலுக்கான டவ் பீட்டா பையில் மூன்றாம் ஆண்டுக்கு எட்டில் ஒரு பங்கு, இறுதியாண்டுக்கு ஐந்தில் ஒரு பங்கு. எம்.எஸ். படிக்கச் சென்றவர்கள் கவனிக்க வேண்டியவை இத்தகையவை. 1776இல் தோன்றிய பை பீட்டா கப்பா இளநிலை கலை, அறிவியல் மாணவர்களுக்கானது.

பை பீட்டா கப்பாவுக்கு விண்ணப்பம் கிடையாது. சாப்டரில் உள்ள ஆசிரியர்களே மதிப்பெண் பட்டியலைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பார்கள். ஜிபிஏ முழுசாக 4.0 வைத்திருந்தும் சிலர் விடுபடுவது எந்தப் பாடங்களை எடுத்தார்கள் என்பதில்தான். கணிதம் சார்ந்த பாடமும், அயல்மொழியில் இடைநிலைத் தேர்ச்சியும் எதிர்பார்க்கப்படும். இறுதியாண்டில் தெரிந்து பயனில்லை, இரண்டாம் ஆண்டிலேயே சாப்டரில் கேட்டு வையுங்கள்.

கட்டணம் கேட்பதாலேயே ஒரு சங்கம் போலியாகிவிடாது. நல்ல சங்கங்களும் வாங்கும். ஒருமுறைக் கட்டணமா, ஆண்டுச் சந்தாவா என்று மட்டும் பாருங்கள். சட்டமிட்ட சான்றிதழ், சட்டையில் குத்தும் பின், பட்டமளிப்பு விழாவில் கழுத்தில் அணியும் கயிறு எல்லாம் பெரும்பாலும் தனி விற்பனை, வாங்காவிட்டாலும் உறுப்பினர்தான்.

கல்லூரி ஆனர் சொசைட்டிகளின் கூட்டமைப்பு 1925 முதல் இயங்குகிறது. அதன் பட்டியலில் உள்ள சங்கம் என்றால், இளநிலைப் பட்டத்தோடு அமெரிக்க மத்திய அரசு வேலையில் ஜிஎஸ்-7 என்ற ஊதிய நிலையில் சேரத் தகுதி கிடைக்கலாம். அந்த வேலைகள் பெரும்பாலும் குடிமக்களுக்கே என்பதால் விசாவில் இருப்பவர்கள் இதற்காக மெனக்கெட வேண்டியதில்லை. பட்டியலில் இல்லை என்பதற்காகவும் ஒதுக்கிவிடாதீர்கள்: பை பீட்டா கப்பாவே அதில் இல்லை.

தகுதி இருந்தும் அழைப்பு வரவில்லையா? ஸ்பாம் பெட்டியைப் பாருங்கள். தனியுரிமைக்காக ரெஜிஸ்ட்ரார் (மாணவர் பதிவேடு) அலுவலகத்தில் உங்கள் விவரங்களை வெளியிட வேண்டாம் என்று குறித்திருந்தால், பெயர் சங்கத்துக்குப் போயிருக்காது. சாப்டருக்கு நேரே எழுதிக் கேளுங்கள். கடைசித் தேதி தாண்டினால் பெரும்பாலும் அடுத்த செமஸ்டர்வரை காத்திருக்க வேண்டியதுதான்.