சுண்டு விரல் மரத்துப் போகிறதா? முழங்கையைக் கவனியுங்கள்

முழங்கை கதவில் இடித்தால் சுண்டு விரல் வரை சுரீரென்று ஷாக் அடிக்குமே, அது எலும்பில் பட்ட அடி இல்லை. முழங்கையின் உள்பக்கம் துருத்திக்கொண்டிருக்கும் எலும்புக்குப் பின்னால், தோலுக்கு அடியிலேயே ஓடும் அல்நார் நரம்பில் பட்ட அடி. கையை மடக்கினால் அந்த நரம்பு எலும்பைச் சுற்றி இழுபடுகிறது, அது நுழைந்து போகும் குறுகலான பாதையும் இறுகுகிறது. தினமும் மணிக்கணக்கில் இப்படி நடந்தால் விரல் மரத்துப்போகத்தான் செய்யும். டாக்டர்கள் இதை கியூபிடல் டனல் சிண்ட்ரோம் என்பார்கள்.

விரல் மரத்தவுடன் நம்மில் பலர் மெடிக்கல் ஷாப்பில் 'நரம்பு மாத்திரை' வாங்கிப் போட்டுக்கொள்கிறோம். வைட்டமின் பி12 குறைவாக இருந்தால் அது உதவும், ஆனால் முழங்கையில் நசுங்கும் நரம்பை எந்த மாத்திரையும் விடுவிக்காது. மடக்குவதையும் அழுத்துவதையும் குறைப்பதுதான் முதல் வைத்தியம்.

படி 1: எந்த விரல்?

சுண்டு விரலும், மோதிர விரலில் சுண்டு விரலை ஒட்டிய பாதியும் மரத்தால் அல்நார் நரம்பு. கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடு விரல் என்றால் அது வேறு நரம்பு, பெரும்பாலும் மணிக்கட்டில் சிக்கல். அப்புறம் புறங்கையைத் தடவிப் பாருங்கள். சுண்டு விரல் பக்கத்துப் புறங்கையும் மரத்திருந்தால் முழங்கையைச் சந்தேகிக்கலாம். அங்கே உணர்வு நன்றாக இருந்து உள்ளங்கைப் பக்கம் மட்டும் மரத்தால் அதே நரம்பு மணிக்கட்டில் அழுந்தியிருக்கக்கூடும். கழுத்து வலியோடு முன்கையின் உள்பக்கமும் சேர்ந்து மரத்தால் கழுத்தைப் பார்க்க வேண்டும்.

படி 2: வீட்டிலேயே இரண்டு சோதனை

மணிக்கட்டை நேராக வைத்து, முழங்கையை முழுதாக மடக்கி ஒரு நிமிடம் அப்படியே இருங்கள். அந்த இரண்டு விரல்களில் எறும்பு ஊறுவது போல வந்தால் உடனே நீட்டிவிடுங்கள், விடை கிடைத்துவிட்டது.

அடுத்தது பலம். கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலின் பக்கவாட்டுக்கும் நடுவே ஒரு தாளைப் பிடித்துக்கொண்டு, வீட்டில் யாரையாவது இழுக்கச் சொல்லுங்கள். கட்டை விரல் நீட்டியபடியே பிடித்தால் நல்லது. தாளை விடாமலிருக்க கட்டை விரலின் நுனி மூட்டு தானாக மடங்குகிறதா, அல்லது புறங்கையில் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையிலுள்ள சதை மற்ற கையைவிடக் குழிந்திருக்கிறதா? அப்படியானால் மற்ற படிகளுக்காகக் காத்திருக்காமல் டாக்டரிடம் போங்கள்.

படி 3: ராத்திரி

அதிக சேதம் தூக்கத்தில்தான், ஏனென்றால் கையை மடக்கிக் கன்னத்துக்கு அடியில் வைத்துத் தூங்குகிறவர்களுக்கு அது மடங்கியிருப்பதே தெரியாது. ஒரு குளியல் துண்டை முழங்கையைச் சுற்றித் தளர்வாகச் சுற்றுங்கள், தடிமனான பகுதி முழங்கையின் முன்பக்க மடிப்பில் வரட்டும். அதன்மேல் கிரேப் பேண்டேஜை இறுக்காமல் கட்டுங்கள். கை கொஞ்சம் மடங்கலாம், முழுதாக மடங்கக் கூடாது. விரல் குளிர்ந்தாலோ வீங்கினாலோ கட்டு இறுக்கம், அவிழ்த்துக் கட்டுங்கள். ஒரு வாரத்தில் பலனில்லை என்று விட்டுவிடாதீர்கள், சில வாரங்களாவது தொடர வேண்டும்.

படி 4: பகல்

போனைக் காதில் வைத்துப் பேசாமல் இயர்போன் போடுங்கள். மேசை விளிம்பிலோ நாற்காலிக் கைப்பிடியிலோ முழங்கையை ஊன்றாதீர்கள், வண்டி ஓட்டும்போது ஜன்னல் விளிம்பில் வைக்காதீர்கள். எண்ணெய் போட்டு அந்த இடத்தை அழுத்தி நீவுவது வேண்டவே வேண்டாம், ஏற்கெனவே நசுங்கிய நரம்பை மேலும் நசுக்குகிறீர்கள். நரம்புக்கான மென்மையான அசைவுப் பயிற்சிகளை பிசியோதெரபிஸ்ட்டிடம் நேரில் கற்றுக்கொள்ளுங்கள். செய்யும்போது மரத்தால் நிறுத்திவிட வேண்டும்.

படி 5: எப்போது டாக்டர்?

வந்து வந்து போன மரப்பு நாள் முழுதும் நின்றுவிட்டால், சட்டைப் பட்டன் போடவோ சாவி திருப்பவோ தடுமாறினால், ஆறு வாரமாகியும் குறையவில்லை என்றால் போயே ஆக வேண்டும். நரம்புக் கடத்தல் சோதனையில் எங்கே, எவ்வளவு பாதிப்பு என்று தெரியும். சர்க்கரை அளவையும் பார்த்துவிடுங்கள்.

நம் நாட்டில் இன்னொன்றையும் மறக்கக் கூடாது. தொழுநோய் அதிகம் தாக்கும் நரம்புகளில் இந்த அல்நார் நரம்பும் ஒன்று. உடம்பில் உணர்வில்லாத வெளிறிய அல்லது சிவந்த தேமல் இருந்தால், முழங்கைக்குப் பின்னால் நரம்பு தடித்துத் தட்டுப்பட்டால் டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். கூச்சப்பட ஒன்றுமில்லை. கூட்டு மருந்து அரசு மருத்துவமனைகளில் இலவசம், நோய் குணமாகும். தாமதித்தால் விரல்கள் மடங்கி நின்றுவிடும். அப்படிப்பட்ட கைகளுக்கு வேலூர் சிஎம்சியில் டாக்டர் பால் பிராண்ட் 1940களின் இறுதியிலேயே தசைநாண் மாற்று அறுவை சிகிச்சை (நன்றாக இயங்கும் தசையின் நாணை எடுத்து, செயலிழந்த தசையின் வேலைக்குப் பொருத்துவது) செய்யத் தொடங்கினார், ஆனால் அந்த நிலைமைக்கு இன்று யாரும் போகத் தேவையில்லை.

அறுவை சிகிச்சை தேவைப்பட்டால், நரம்பின் மேலுள்ள இறுக்கமான பட்டையை வெட்டி விடுவிப்பார்கள், சிலருக்கு நரம்பையே எலும்புக்கு முன்பக்கம் மாற்றி வைப்பார்கள். பாதிக்கப்பட்ட நரம்பு ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான் வளரும், முழங்கையிலிருந்து உள்ளங்கைச் சதை வரை போய்ச் சேர மாதக்கணக்காகும். அதற்குள் சதை ரொம்ப வற்றிவிட்டால் பழைய பலம் முழுதாகத் திரும்பாமல் போகலாம். தாள் சோதனையில் தோற்றவர்களை உடனே போகச் சொன்னது இதனால்தான்.