பை க்ரஸ்ட்: 150 மைதா, 100 வெண்ணெய், கொஞ்சம் ஐஸ் தண்ணீர்

பை என்பது உள்ளே பழமோ க்ரீமோ நிரப்பிச் சுடும் பண்டம்; அதன் மாவு ஓடுதான் க்ரஸ்ட். அமெரிக்க வீடுகளில் பாட்டி காலத்துப் பை க்ரஸ்ட் குறிப்பு ஒரு சின்ன அட்டையில் அடங்கிவிடும். மைதா, உப்பு, கொழுப்பு, தேவையான அளவு ஐஸ் தண்ணீர். அவ்வளவுதான். நவம்பர் நான்காம் வியாழக்கிழமை தாங்க்ஸ்கிவிங் விருந்துக்குப் பூசணிப் பை சுடும் ஊர்களில் பெரும்பாலும் குளிர்காலம் தொடங்கியிருக்கும். அடுப்படி 20 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கும். அதனால் குளிர்ச்சியைப் பற்றி அட்டையில் யாரும் தனியாக எழுதி வைக்கவில்லை. அதே குறிப்பை மே மாதச் சென்னையில் செய்து பார்த்தால் பிசையும்போதே வெண்ணெய் உருகி மாவோடு கலந்துவிடும். அடுக்கடுக்காக உதிர வேண்டிய க்ரஸ்ட் தடித்த பிஸ்கட்டாக வெளியே வரும். வெண்ணெய் 32 முதல் 35 டிகிரிக்குள் உருகிவிடுகிறது. நம் கோடைச் சமையலறை அந்தச் சூட்டைச் சாதாரணமாகத் தொடும்.

ஆகவே இங்கே சொல்லும் செய்முறையில் பொருள்கள் அந்த அட்டையில் உள்ளவைதான். ஃப்ரிட்ஜுக்குப் போய்வரும் நடை மட்டும் கூடுதல்.

தேவையானவை (9 அங்குல டின்னில், அடியில் ஒரு க்ரஸ்ட் மட்டும்)

மைதா – 150 கிராம்
உப்புச் சேர்க்காத வெண்ணெய் – 100 கிராம்
உப்பு – அரை டீஸ்பூன்
சர்க்கரை – 1 டீஸ்பூன் (கார பைக்கு வேண்டாம்)
ஐஸ் தண்ணீர் – 35 முதல் 50 மி.லி.

மேலேயும் மூடும் ஆப்பிள் பைக்கு எல்லாவற்றையும் இரட்டிப்பாக்கிக்கொள்ளுங்கள். மூன்று பங்கு மாவு, இரண்டு பங்கு கொழுப்பு, ஒரு பங்கு தண்ணீர் என்பது பேக்கரிக்காரர்கள் வெகுகாலமாகக் கைக்கொள்ளும் எடைக் கணக்கு. வெண்ணெயிலேயே ஆறில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாகத் தண்ணீர் இருப்பதால் 50 மி.லி. முழுவதும் பெரும்பாலும் தேவைப்படாது. கப் அளவை நம்ப வேண்டாம். ஒரே கப்பில் மைதாவைத் தளர்வாக அள்ளினால் 120 கிராம், அழுத்தி அள்ளினால் 140 கிராமுக்கு மேலும் போகும். அந்த வித்தியாசம் க்ரஸ்ட்டைக் கெடுக்கப் போதும். சமையலறைத் தராசு இல்லாமல் இதில் இறங்காதீர்கள்.

கடையில் கிடைப்பது பெரும்பாலும் உப்பு வெண்ணெய்தான். அதையே எடுத்தால் தனியாக உப்புப் போட வேண்டாம். பரோட்டாவுக்கென்று விற்கும் மைதாவில் பசைத்தன்மை அதிகம். அதுதான் கையில் இருக்கிறது என்றால் 20 கிராமை எடுத்துவிட்டு அதே அளவு கார்ன்ஃப்ளோர் சேர்க்கலாம். கோதுமை மாவை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சேர்த்தால் கனத்துப்போகும், தண்ணீரும் கூடுதலாகக் குடிக்கும்.

எந்தக் கொழுப்பு

இந்தக் க்ரஸ்ட்டின் குணம் முழுவதும் கொழுப்பில்தான் இருக்கிறது. மாவுக்குள் வெண்ணெய் சின்னச் சின்னத் துண்டுகளாக நிற்க வேண்டும். தேய்க்கும்போது அவை தட்டையாகி மாவுக்கு இடையில் தகடுகளாகப் படியும். சூடான அவனுக்குள் (oven) போனதும் வெண்ணெய் உருகி, அதிலுள்ள தண்ணீர் ஆவியாகி, மேலே கீழே இருக்கும் மாவைப் பிரித்துத் தள்ளும். அடுக்கு வருவது இப்படித்தான். பரோட்டாவில் மாவை அடித்து இழுத்து மெல்லிய தாளாக்கி அடுக்கு எடுக்கிறோம். அதற்குப் பசைத்தன்மை வேண்டும். இங்கே அது கூடக் கூடாது. சப்பாத்தி பிசைந்து பழகிய கை தானாகவே மாவை அழுத்தி மிருதுவாக்கப் பார்க்கும். அந்தப் பழக்கத்தை இன்று ஒருநாள் ஒதுக்கி வைக்க வேண்டியிருக்கிறது.

பழைய அமெரிக்கக் குறிப்புகளில் பன்றிக் கொழுப்புதான் அதிகம். சிறுநீரகத்தைச் சுற்றியிருக்கும் கொழுப்பை உருக்கி எடுத்தது மிக உசத்தி என்பார்கள்; அதில் வாடை குறைவு. 1911இல் பருத்திவிதை எண்ணெயைக் கெட்டியாக்கிய கிரிஸ்கோ சந்தைக்கு வந்த பிறகு பல குடும்பங்கள் அதற்கு மாறின. ஷார்ட்டனிங் எனப்படும் இந்த வகைத் தாவரக் கொழுப்பு வெண்ணெயைவிட அதிகச் சூட்டில் உருகுவதால் வேலை செய்வது எளிது, விளிம்பு டிசைனும் அழியாமல் நிற்கும். ஆனால் ருசி என்று சொல்ல ஒன்றுமில்லை. பாதி வெண்ணெய், பாதி ஷார்ட்டனிங் என்று எழுதியிருக்கும் குடும்பக் குறிப்புகள் இந்த இரண்டுக்கும் நடுவில் சமரசம் செய்தவை. வெப்பம் அதிகமான நாளில் 70 கிராம் வெண்ணெய்க்கு 30 கிராம் ஷார்ட்டனிங் அல்லது வனஸ்பதி சேர்ப்பதில் தவறில்லை. ருசி முக்கியம் என்றால் முழுக்க வெண்ணெய்தான் எங்கள் பரிந்துரை.

நெய் வேண்டாம். அதில் தண்ணீர் இல்லை, எனவே ஆவி இல்லை, அடுக்கும் இல்லை. நான்கட்டாய் மாதிரி பொடிப்பொடியாக உதிரும். ருசியாகத்தான் இருக்கும், ஆனால் அது வேறு பண்டம். வீட்டில் கடைந்த வெண்ணெயில் மோர் எவ்வளவு தங்கியிருக்கிறது என்று கணக்குச் சொல்ல முடியாது. ஐஸ் தண்ணீரில் நன்றாகக் கழுவி, அழுத்திப் பிழிந்து, ஃப்ரிட்ஜில் கெட்டியாக்கி எடை போட்டு, பிறகு சேர்க்கும் தண்ணீரில் கையைக் குறுக்கிக்கொள்ளுங்கள். கொழுப்புக் குறைத்தது என்று டப்பாவில் எழுதியிருக்கும் ஸ்ப்ரெட் எதுவும் இதற்கு உதவாது.

பிசிறுவது

வெண்ணெயை ஒன்றரை செ.மீ. துண்டுகளாக வெட்டி 15 நிமிடம் ஃப்ரீசரில் வையுங்கள். மைதா, உப்பு, சர்க்கரை கலந்த பாத்திரமும் ஃப்ரிட்ஜுக்குள் போகட்டும். ஒரு டம்ளர் தண்ணீரில் ஐஸ்கட்டி போட்டுத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். வெயில் காலமானால் வேலையைக் காலை ஆறு மணிக்குத் தொடங்குவது உத்தமம்.

துண்டுகளை மாவில் போட்டுப் புரட்டி, விரல் நுனிகளால் ஒவ்வொன்றையும் தட்டையாக நசுக்கிப் பிசிறுங்கள். உள்ளங்கை படக் கூடாது. விரல் நுனியைவிட அதில் சூடு அதிகம். கடைசியில் பெரும்பகுதி ரவை போலவும், நடுநடுவே பட்டாணி அளவில் வெண்ணெய்த் துண்டுகளும் இருக்க வேண்டும். எல்லாமே ஒரே சீராகப் பொடியாகிவிட்டால் அடுக்கு வராது. கை சூடானவர்கள் 100 கிராம் வெண்ணெயையும் ஃப்ரீசரில் கல்லாக்கி, கேரட் துருவியில் நேராக மாவின்மேல் துருவிவிடலாம். வெப்ப ஊர்களுக்கு இதைவிட நல்ல வழி இல்லை. மிக்ஸியில் போட்டால் இரண்டு மூன்று முறை சுண்டிவிட்டு நிறுத்திவிட வேண்டும். ஒரு சுற்றுக் கூடினாலும் விழுதாகிவிடும். இடையில் எப்போது வெண்ணெய் பளபளக்க ஆரம்பித்தாலும் பாத்திரத்தோடு பத்து நிமிடம் ஃப்ரீசரில் வைத்து எடுங்கள்.

இனி தண்ணீர். முதலில் 30 மி.லி. பரவலாகத் தெளித்து, ஃபோர்க்கால் கிளறுங்கள். பிறகு டீஸ்பூன் டீஸ்பூனாகச் சேருங்கள். பதம் புட்டு மாவுப் பதம்தான்: ஒரு பிடி எடுத்து அழுத்தினால் உருண்டையாக நிற்க வேண்டும், தட்டினால் உடைய வேண்டும். பாத்திரத்தில் இருக்கும்போது பார்ப்பதற்கு இன்னும் உதிரியாக, சேராதது போலத்தான் தெரியும். அந்தக் கட்டத்தில் பயந்துபோய் இன்னும் இரண்டு ஸ்பூன் ஊற்றுவதுதான் க்ரஸ்ட் கடினமாவதற்கு மிகச் சாதாரணமான காரணம். நிறுத்திவிடுங்கள், மீதி ஈரம் ஃப்ரிட்ஜில் தானாகப் பரவிக்கொள்ளும்.

ஒரு டீஸ்பூன் வினிகர் சேர்க்கச் சொல்லும் குறிப்புகள் உண்டு. அந்த அளவில் அது மாவைப் பெரிதாக மிருதுவாக்குவதில்லை. இரண்டு மூன்று நாள் ஃப்ரிட்ஜில் வைக்கும் மாவு சாம்பல் நிறமாகாமல் இருக்க உதவும். தண்ணீரில் ஒரு பகுதிக்குப் பதில் வோட்கா ஊற்றும் முறை 2007இல் ஒரு அமெரிக்கச் சமையல் இதழ் வழியே பரவியது. ஆல்கஹாலில் மாவின் பசை உருவாகாது என்பதுதான் அதன் சூட்சுமம். வேலை செய்யும், ஆனால் தண்ணீரை அளந்து ஊற்றத் தெரிந்தால் தேவையில்லை.

உதிரி மாவை க்ளிங் ஃபிலிமில் கொட்டி, ஃபிலிமோடு சேர்த்தே அழுத்தி, 2 செ.மீ. தடிமனில் வட்ட வில்லையாக்கி மடியுங்கள். குறைந்தது ஒரு மணி நேரம் ஃப்ரிட்ஜில் இருக்கட்டும். ஓரங்களில் வெடிப்பு இருந்தால் இப்போதே ஒட்டிச் சரிசெய்துவிடுங்கள். தேய்க்கும்போது அதே வெடிப்பு நீளமாகக் கிழியும்.

தேய்ப்பது, டின்னில் போடுவது

ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்ததும் தேய்க்கப் பார்த்தால் உடையும். குளிர் ஊரில் பத்து நிமிடம் வெளியே வைக்கச் சொல்வார்கள். நமக்கு மூன்று நான்கு நிமிடம் போதும். சப்பாத்திப் பலகை 30 செ.மீ. வட்டத்துக்குச் சிறியது. மேடையிலேயே மாவு தூவித் தேய்க்கலாம், அல்லது இரண்டு பட்டர் பேப்பருக்கு நடுவில் வைத்துத் தேய்க்கலாம். நடுவிலிருந்து வெளிப்பக்கமாக ஒரு தள்ளு, பிறகு மாவைக் கால் வட்டம் திருப்பு, மறுபடி ஒரு தள்ளு. முன்னும் பின்னும் உருட்டினால் மாவு சூடேறிப் பசையாகும். 3 மி.மீ. தடிமன், டின்னைவிட எல்லாப் பக்கமும் 3, 4 செ.மீ. அகலம் வந்தால் நிறுத்துங்கள். ஆங்காங்கே மஞ்சள் திட்டுகளாக வெண்ணெய் தெரிந்தால் சரியாக வந்திருக்கிறது.

கட்டையில் சுற்றித் தூக்கி டின்னின்மேல் விரித்து, ஓரத்தைத் தூக்கிவிட்டு மாவு தானாக மூலைக்குள் இறங்கும்படி செய்யுங்கள். விரலால் இழுத்து நீட்டிய மாவு சூட்டில் பழைய இடத்துக்கே திரும்பும்; பக்கச்சுவர் சரிந்து பாதி டின் காலியாகத் தெரிவதற்குக் காரணம் அந்த இழுப்புதான். விளிம்பில் 2 செ.மீ. விட்டு வெட்டி, மிச்சத்தை அடிப்பக்கம் மடித்து, இரண்டு விரலுக்கு நடுவில் ஒரு விரலால் அழுத்தி அலை அலையாகச் செய்யுங்கள். மறுபடி 30 நிமிடம் ஃப்ரிட்ஜ். இதைத் தவிர்க்க எத்தனையோ பேர் பார்க்கிறார்கள். தவிர்த்தவர்களின் அலை விளிம்பு அவனில் வழிந்து போகிறது.

டின் அலுமினியமாக இருப்பது நல்லது, அடிப்பாகத்துக்குச் சூடு சீக்கிரம் போகும். கண்ணாடிப் பாத்திரத்தில் அடி வெந்ததா என்று பார்க்க முடியும். ஆனால் ஃப்ரீசரிலிருந்து எடுத்து நேராகச் சூடான அவனுக்குள் வைத்தால் விரிசல் விடும் ஆபத்து உண்டு.

வெறும் க்ரஸ்ட்டை முதலில் சுடுவது

பூசணி, கஸ்டர்ட், சாக்லேட் க்ரீம் போன்ற ஈரமான உள்ளடக்கத்துக்கு க்ரஸ்ட்டை முன்கூட்டியே சுட வேண்டும். ஓடிஜியை (மேடைமேல் வைக்கும் சின்ன மின்சார அவன்) 200 டிகிரியில் 20 நிமிடம் சூடாக்குங்கள். கீழ்த் தட்டில் ஒரு கனமான இரும்பு அல்லது அலுமினியத் தட்டை வைத்து அதையும் சேர்த்துச் சூடாக்கி, அதன்மேல் டின்னை வைத்தால் அடி பச்சையாக நிற்காது. கன்வெக்‌ஷன் மைக்ரோவேவில் பெரும்பாலும் கீழே சூடேற்றும் கம்பி இல்லாததால் இந்தத் தட்டு இல்லாமல் காரியம் நடக்காது.

க்ரஸ்ட்டுக்குள் பட்டர் பேப்பரை விரித்து, விளிம்பு வரை காய்ந்த கொண்டைக்கடலையையோ அரிசியையோ நிரப்புங்கள். அடியில் மட்டும் கொஞ்சம் போட்டால் பக்கச்சுவருக்குத் தாங்கல் இருக்காது. 20 நிமிடம் சுட்டு, விளிம்பு வெளுத்துக் காய்ந்ததும் கடலையோடு பேப்பரைத் தூக்கிவிட்டு, அடியில் ஃபோர்க்கால் குத்துங்கள். மறுபடி அவனில் பூசணி, கஸ்டர்ட் பைக்கு 5 முதல் 7 நிமிடம், மேற்கொண்டு சுடாத க்ரீம் பைக்கு 12 முதல் 15 நிமிடம். பின்னதில் அடி முழுவதும் பொன்னிறமாக வேண்டும். விளிம்பு முந்திக்கொண்டு சிவந்தால் ஃபாயில் பட்டையால் மூடிவிடலாம். அந்தக் கடலை இனி வேகாது. ஒரு டப்பாவில் போட்டு இதற்கென்றே வைத்துக்கொள்ளுங்கள்.

ஆப்பிள் பைக்கு முன்சுடல் கிடையாது. துண்டுகளைச் சர்க்கரையில் அரை மணி நேரம் பிரட்டி வைத்து, விட்ட சாற்றை வடித்துச் சுண்டக் காய்ச்சி மறுபடி சேர்த்தால் அடி ஊறாது. மேல் மூடியில் ஆவி போக நான்கைந்து கீறல் போட்டு, முட்டையோ பாலோ பூசி, 220 டிகிரியில் 20 நிமிடம், பிறகு 190க்குக் குறைத்து 35 முதல் 40 நிமிடம். மூன்று மணி நேரம் ஆறாமல் வெட்டினால் சாறு ஓடிவிடும்.

கெட்டுப்போனால்

டின்னில் வெண்ணெய் குளமாக நிற்கிறதா? மாவு குளிராமல் போயிருக்கிறது, அல்லது அவன் போதிய சூடு ஏறவில்லை. ஓடிஜி டயல் காட்டும் சூடும் உள்ளிருக்கும் சூடும் பல நேரம் ஒத்துப்போவதில்லை. சின்ன அவன் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கித் தொங்கவிடுவது நல்லது. தோல் போல இழுக்கிறது என்றால் தண்ணீர் கூடியிருக்கிறது அல்லது கை அதிகம் பட்டிருக்கிறது, இரண்டுக்கும் பிறகு வைத்தியம் இல்லை. தேய்க்கும்போதே துண்டு துண்டாக உடைந்தால் மட்டும் காப்பாற்றலாம்: ஒரு டீஸ்பூன் ஐஸ் தண்ணீர் தெளித்து, மூன்றாக மடித்து, அரை மணி நேரம் குளிரவிட்டு மறுபடி தேய்த்தால் சேர்ந்துவிடும். அந்த மடிப்பு கூடுதல் அடுக்கையும் தரும். சுட்ட பிறகு அடியில் விரிசல் தெரிந்தால் மிஞ்சிய பச்சை மாவைத் தண்ணீரில் குழைத்துப் பூசி இரண்டு நிமிடம் சூடுகாட்டுங்கள்.

சுடாத வில்லை ஃப்ரிட்ஜில் மூன்று நாள், நன்றாக மடித்தால் ஃப்ரீசரில் மூன்று மாதம் நிற்கும். முந்தின இரவு ஃப்ரிட்ஜுக்கு மாற்றினால் காலையில் தேய்க்கலாம். வெட்டிய துண்டுகளைச் சேர்த்து மறுபடி க்ரஸ்ட் தேய்க்காதீர்கள், கடினமாக வரும். சர்க்கரையும் பட்டைத்தூளும் தூவி 180 டிகிரியில் 10, 12 நிமிடம் சுட்டால் பை ஆறுவதற்குள் குழந்தைகள் முடித்துவிடுவார்கள்.