சேர்வராயன் மலைச்சரிவில் எலும்பு கிடைத்தால்

ஏற்காடு மலைப்பாதைக்குக் கீழேயோ, காபித் தோட்டத்திலோ மனித எலும்பு போலத் தெரிந்தால் தொடாதீர்கள். கிராம நிர்வாக அலுவலருக்கும் காவல் நிலையத்துக்கும் தகவல் சொல்லுங்கள். மண்டை ஓட்டை மட்டும் சாக்கில் போட்டுக் கொண்டுபோய்விட்டால், இறந்தவர் யாரென்று சொல்லக்கூடிய மற்றதெல்லாம் மலையிலேயே கிடந்துவிடும்.

இனி வரும் குறிப்புகள், தகவல் கிடைத்து வந்து தேடி எடுக்கும் ஆய்வுக் குழுவுக்கு. சரிவில் மண்டை ஓடு உருளும். ஒற்றை வேருள்ள முன்பற்கள் வழியிலேயே உதிரும். விரல் எலும்புகளை மழைநீர் அடித்துச் செல்லும். நாயும் காட்டுப்பன்றியும் இழுத்துப் போகும். அதனால் தண்ணீர் இறங்கும் போக்கிலேயே தேட வேண்டும். சருகைக் கையால் விலக்கி, ஒவ்வொன்றின் அருகிலும் சிறு கொடி நட்டு, அளவுகோலோடு படமெடுத்து, வரைபடத்தில் குறித்த பிறகே எடுங்கள். மண்வெட்டி வேண்டாம், சிறு கரண்டியும் தூரிகையும் போதும். அடிமண்ணை 5 மி.மீ. கண்ணுள்ள சல்லடையில் சலியுங்கள். ஈரமண் கண்ணை அடைத்தால் நிழலில் உலர்த்திக்கொள்ளுங்கள். பொத்தானையும் விடக்கூடாது. கொலுசு கிடைத்தால் முத்திரை இருக்கிறதா பாருங்கள். சேலத்துப் பட்டறைக்காரர்களிடம் காட்டி விசாரிக்கலாம்.

எலும்பைக் கழுவாமல் காகித உறையில் வையுங்கள். பிளாஸ்டிக் பைக்குள் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடித்தால் டிஎன்ஏ கெடும்.

ஆய்வுமேசையில் முதல் கேள்வி, மனிதனா ஆடுமாடா என்பது. இரண்டு வலது தொடை எலும்பு இருந்தால் இறந்தவர் குறைந்தது இருவர். ஆணா பெண்ணா என்று சொல்ல இடுப்பெலும்பே நம்பகமானது. பெண்ணுக்கு முன்பக்கக் கோணமும் பின்பக்கப் பள்ளமும் அகன்றிருக்கும். பருவமடையாத பிள்ளையின் எலும்பை வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது. உயரத்தைத் தொடை எலும்பின் நீளத்திலிருந்து கணக்கிடலாம், ஆனால் வெளிநாட்டுச் சூத்திரத்தை அப்படியே போட்டால் பிசகும்.

வயதில்தான் மிகுந்த கவனம் தேவை. தோளையும் மார்பையும் இணைக்கும் காறை எலும்பின் உள்முனை, இருபதுகளின் பிற்பகுதி வரை அந்த எலும்போடு முழுதாக ஒட்டாது. அதுவரை ஓரளவு நெருக்கமாகச் சொல்லலாம். நாற்பதைத் தாண்டினால் பத்து, பதினைந்து வருட இடைவெளி விட்டே எழுதுங்கள். '45 வயது' என்று ஒற்றை எண்ணாக அறிவித்தால், 36 வயது மகனைக் காணோம் என்று ஒரு தாய் கொடுத்த புகாரை யாரும் எடுத்துப் பார்க்கமாட்டார்கள். மகனைத் தேடும் அவளுக்கு அந்த எண் செய்யும் அநியாயம் அது.

குடும்பத்தாரிடம் பல் தெரியச் சிரிக்கும் படம் கேளுங்கள். மண்டை ஓட்டின் படத்தோடு பொருத்திப் பார்க்க அது உதவும். எலும்பு முறிவுக்குத் தகடு வைத்திருந்தால் அதிலுள்ள எண்ணை மருத்துவமனைப் பதிவேட்டோடு ஒப்பிடலாம். முடிவான சான்றுக்குக் கடைவாய்ப்பல், தொடை எலும்பின் நடுத்துண்டு ஆகியவற்றின் டிஎன்ஏவைப் பெற்றோர் அல்லது பிள்ளைகளின் ரத்தத்தோடு ஒப்பிட வேண்டும்.

யாரும் வராவிட்டால் எரிக்காமல் புதையுங்கள். புதைத்த இடத்தையும் வழக்கு எண்ணையும் சேர்த்து எழுதி வையுங்கள். ஒரு பல்லும் தொடைத் துண்டும் எண்ணிட்ட உறையில் பத்திரமாக இருக்கட்டும்.