கார் ஏசி விட்டு விட்டு ஓடுகிறதா? கேஸ் நிரப்பும் முன் பார்க்க வேண்டியவை

சித்திரை வெயிலில் கிருஷ்ணகிரி சுங்கச்சாவடி வரிசையில் நிற்கும்போது காரின் ஏசி குளிர்வதும் நிற்பதுமாக இருந்தால், "கேஸ் தீர்ந்திருக்கும்" என்றே பலரும் சொல்வார்கள். ஆனால் கேஸ் டீசலைப் போலச் செலவாவதில்லை; அது மூடிய குழாய்களுக்குள் சுற்றிக்கொண்டே இருப்பது. அது குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது என்று பொருள்; குறையாமலும், கேஸை அழுத்திச் சுற்றவிடும் கம்ப்ரசர் நின்று நின்று ஓடலாம். ஆகவே பணம் செலவழிக்கும் முன் கம்ப்ரசர் எப்போது, எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதைக் கவனியுங்கள்.

முதலில், திறந்த வெளியில் சமதளமாகப் பார்த்து வண்டியை நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, கியரை நியூட்ரலில் வைத்து இன்ஜினை ஓடவிடுங்கள். ஏசியை முழுக் குளிர்ச்சியிலும் ப்ளோயரை அதிக வேகத்திலும் வைத்துப் பானெட்டைத் திறந்தால், கம்ப்ரசரின் முன்புறத்திலுள்ள கிளட்ச் தட்டு 'டக்' என்ற ஒலியுடன் ஒட்டிச் சுழல்வதும் பின்பு விடுபட்டு நிற்பதும் தெரியும். ரேடியேட்டர் ஃபேன் எந்த நொடியிலும் சுழலத் தொடங்கும் என்பதால், கையும் துண்டும் துப்பட்டாவும் அதற்கும் பெல்ட்டுக்கும் அருகே போகக் கூடாது. ஓடும் நேரத்தையும் நிற்கும் நேரத்தையும் கைப்பேசியில் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். கிளட்ச் இல்லாத கம்ப்ரசர் பொருத்திய கார்களுக்கு இந்தச் சோதனை பொருந்தாது.

காற்று நன்றாகக் குளிர்ந்து, கம்ப்ரசர் நீண்ட நேரம் ஓடிச் சற்று ஓய்ந்தால் அது இயல்பு. உள்ளே வரும் காற்றைக் குளிர்விக்கும் கூலிங் காயில் உறைந்துவிடாமல் இருக்க அங்குள்ள சென்சார் அப்படி நிறுத்துகிறது. சேலத்திலிருந்து வரும்போது தொப்பூர் கணவாய் ஏற்றத்தில் ஆக்சிலரேட்டரை முழுவதும் மிதித்தால், இன்ஜினின் சக்தியைச் சக்கரங்களுக்கே விடுவதற்காகப் பல கார்கள் கம்ப்ரசரைச் சிறிது நேரம் துண்டிக்கும். அதுவும் பழுதன்று, ஆனால் வெப்பமானியின் முள்ளும் ஏறினால் வண்டியை ஓரங்கட்டி நிறுத்திவிடுங்கள்.

ஓடும்போது குளிர்ந்து, நிற்கும்போது மட்டும் துண்டிக்கப்பட்டால், சந்தேகம் கன்டென்சர் (ரேடியேட்டருக்கு முன்னால் இருந்து கேஸின் வெப்பத்தை வெளியே விடும் பாகம்) மீதும் அதன் ஃபேன் மீதும் விழ வேண்டும். வெப்பம் வெளியேறாமல் அழுத்தம் எல்லை மீறும்போது பிரஷர் சுவிட்ச் கம்ப்ரசரை நிறுத்துகிறது. ஃபேன் சுழல்கிறதா என்று பார்த்துவிட்டு, கன்டென்சரின் மேல் மெல்லிய தூறலாகத் தண்ணீர் தெளியுங்கள். உடனே கம்ப்ரசர் தொடர்ந்து ஓடினால் குறை அங்கேதான் இருக்கிறது. கிரானைட் குவாரிப் பக்கம் ஓடும் வண்டிகளில் தூசு அடைத்திருக்க வாய்ப்பு அதிகம். இன்ஜினை நிறுத்தி ஆறவிட்டுக் கழுவுங்கள். வேகமான பம்பு நீர் கன்டென்சரின் மெல்லிய தகடுகளை மடக்கிவிடும்.

சில நொடிகளுக்கு ஒருமுறை ஓடி நின்று, காற்றும் சரியாகக் குளிராவிட்டால், கேஸ் குறைவு என்ற சந்தேகம் வலுப்பெறுகிறது. இங்கே பலர் ஏமாறுவது, இன்ஜின் ஓடாத நிலையில் கேஜ் வைத்து "அழுத்தம் சரியாக இருக்கிறது" என்று சொல்லும்போதுதான். ஆர் 134ஏ என்ற வகை ஏசி கேஸில், இன்ஜின் ஓடாதபோது 30 டிகிரி வெப்பத்தில் ஏறத்தாழ 97 பிஎஸ்ஐ அழுத்தம் காட்டும். உள்ளே சிறிதளவு திரவம் எஞ்சியிருக்கும் வரை, கேஸ் பாதியாகக் குறைந்தாலும் அந்த எண் மாறாது. எனவே கம்ப்ரசர் ஓடும்போது, கேஸ் அதற்குள் போகும் பக்கம், வெளியேறும் பக்கம் என இரு பக்க அழுத்தங்களையும் பார்க்க வேண்டும். இரண்டுமே தாழ்ந்திருந்தால் கேஸ் குறைவு. இரண்டுமே உயர்ந்திருந்தால் அளவுக்கு மீறி நிரப்பியிருக்கிறார்கள் அல்லது கன்டென்சர் வெப்பத்தை விடவில்லை. இணைப்புகளில் எண்ணெய்ப் பிசுக்கில் தூசு ஒட்டியிருந்தால் கசிவு அங்கிருக்கலாம்.

அரை மணி நேரம் ஓடிய பின் காற்றின் வேகமே குறைந்தால், கேபின் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள். அது சுத்தமாக இருந்தும் காயில் உறைந்தால் சென்சாரைச் சோதிக்க வேண்டும். சூடேறிய பின் மட்டும் கிளட்ச் விடுபட்டு, ஆறியதும் ஒட்டினால், தட்டின் இடைவெளி தேய்ந்து அகன்றிருக்கலாம். கிளட்சுக்கு வரும் வோல்டேஜையும், அந்த மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் ரிலேயையும் அப்போதே பார்த்துவிடுவது நல்லது.

கேஸ் குழாய்களை நீங்களே அவிழ்க்க வேண்டாம். பீறிடும் திரவம் தோலையும் கண்ணையும் உறையச் செய்யும். பட்டறையில் நைட்ரஜன் ஏற்றிக் கசிவைக் கண்டுபிடித்து அடைத்து, வேக்குவம் வைத்து (குழாய்களுக்குள் இருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்து), பானெட்டின் கீழுள்ள ஸ்டிக்கரில் குறித்துள்ள வகை கேஸை அதே கிராம் அளவுக்கு எடைபோட்டு நிரப்பச் சொல்லுங்கள். நிரப்பிய எடையை ரசீதில் எழுதி வாங்குங்கள்.